சாய்மானம்

எங்கய்யாவுக்கு முதுகு போனது 1979ல். ஐப்பசி அடைமழை. ஊர்ப் பெரியவர் ஒருத்தர் தொழுவத்தில் உழவு மாடு ஒன்று செத்துக் கிடந்தது. செத்த மாட்டைத் தூக்குவது எங்கள் தெருவின் வேலை. கூலி கிடையாது, தோல்தான் கூலி. நாலு பேர் தூக்க வேண்டிய மாட்டை அன்றைக்கு ரெண்டு பேர் கம்பு கொடுத்துத் தூக்கினார்கள். தொழுவத்து வாசலில் சாணிச் சகதி வழுக்கி எங்கய்யா உக்காந்த மேனிக்கு விழுந்தார். மாட்டுப் பாரம் அப்படியே இடுப்பில் இறங்கியது. திண்ணையிலிருந்து யாரோ, "என்னடா, மாட்டுக்குத் தொணையா நீயும் படுத்துக்கிட்டே?" என்று கேட்க, ஒரே சிரிப்பு. எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அன்று ராத்திரி படுத்தவர் பதினேழு நாள் எழுந்திருக்கவில்லை.

செத்த மாடு பற்றி நம் ஆட்கள் நிறைய எழுதியாகிவிட்டது. நான் எழுத வந்தது அதற்கப்புறம் எங்கய்யா தன் சைக்கிளுக்குச் செய்து மாட்டிய ஒரு சாய்மானத்தைப் பற்றி. சைக்கிளுக்குச் சாய்மானமா என்று கேட்பீர்கள். ஊரும் அதைத்தான் கேட்டது.

எங்க ஊர் திண்டுக்கல்லுக்கு மேற்கே 11 கிலோமீட்டர். நாங்கள் அருந்ததியர். ஊர்க்காரன் வாயில் எங்கள் தெருவுக்கு வேறு பேர். எங்கய்யா கமலைச் சாலுக்குத் தோல்வால் தைக்கிறவர். சுத்துப்பட்டுக் கிணறுகளில் எங்கய்யா தைத்த வால் வழியாகத்தான் தண்ணி ஊத்தும். அந்தத் தண்ணியை நாங்கள் தொடக்கூடாது, அது வேற கதை. கரண்டு மோட்டார் வந்ததும் கமலை ஒவ்வொன்றாக நின்றது. அப்புறம் செருப்புத்தான். தைத்த செருப்பை மூட்டை கட்டிக்கொண்டு வாரத்தில் ரெண்டு நாள் திண்டுக்கல் போவார். அதற்காக 1974ல் 90 ரூபாய்க்கு ஒரு பழைய ராலே சைக்கிள் வாங்கினார். எங்கள் தெருவில் அது ரெண்டாவது சைக்கிள்.

மெயின் ரோட்டுக்குப் போகணுமென்றால் ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். பிள்ளையார் கோயில் வேம்படியில் சைக்கிளை விட்டு இறங்கணும். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டணும். துண்டை இடுப்பில் கட்டணும். சாவடி தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டு நடக்கணும். ஊருக்கெல்லாம் செருப்புத் தைக்கிற மனுசன் சொந்தச் செருப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலோடு போவார். நான் பின்னால் போவேன். எனக்கு அது அப்போது அதிசயமாகத் தெரியவில்லை. மழை வந்தால் குடை பிடிக்கிற மாதிரி, வேம்பு வந்தால் இறங்குவது என்றுதான் நினைத்திருந்தேன்.

முதுகு போனபிறகு சைக்கிள் மிதிக்கவே முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பெரியாஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்து, பாரம் தூக்காதே, குனியாதே என்றார்கள். குனியாமல் எங்கள் தெருவில் எவன் சாப்பிட்டான்? மூணு மாசம் கழித்து ஓட்டிப் பார்த்தார். ஒரு மைல் தாண்டியதும் இடுப்புக்கு மேலே, முதுகுத்தண்டு உள்வாங்குகிற இடத்தில், யாரோ குத்தூசியை இறக்குகிற மாதிரி இருக்கிறது என்பார். காலை மிதிக்கும்போது உடம்பு பின்னால் நழுவும். நழுவாமல் இருக்க ஹேண்டில்பாரை இழுத்துப் பிடிக்கணும். இழுத்துப் பிடித்தால் முதுகு வில்லாக வளையும். வளைந்தால் ஊசி. இறங்கி நடந்தால் தேவலாமா என்றால் அதுவும் இல்லை. செருப்பு மூட்டையோடு சைக்கிளைத் தள்ளுவது மிதிப்பதைவிடக் கொடுமை. ஒரு பக்கமாகச் சாய்ந்து தள்ளணும் இல்லையா, இடுப்பு திருகிக்கொள்ளும்.

பல நாள் திண்ணையில் உக்காந்து சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் முதுகைக் கொடுத்து உக்காந்திருந்தார். அங்கேதான் யோசனை வந்திருக்க வேண்டும். "செவத்த சைக்கிள்ல ஏத்திக்கிட்டுப் போனா என்ன?" என்றார் எங்கம்மாவிடம். அம்மா, மனுசனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அழுதது.

வீட்டில் ஒரு ஓட்டை இரும்புச் சால் கிடந்தது. அதன் விளிம்புப் பட்டையை வெட்டி எடுத்து, ஆசாரி பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறையின் பின்பக்கம் நின்றுதான் நாங்கள் பேசணும். "என்னத்துக்குடா இது?" என்றார் ஆசாரி. "மூட்டை கட்டறதுக்குச் சாமி" என்று பொய் சொன்னார் எங்கய்யா. ஆசாரி பட்டையைக் காய்ச்சி லாடம் மாதிரி வளைத்து, கீழே ரெண்டு முனையிலும் ஓட்டை போட்டுக் கொடுத்தார். அந்த லாடத்துக்கு நடுவில் தோல். இரும்பில் சாய்ந்தால் வலி கூடும், பலகையில் சாய்ந்தால் மரத்துப்போகும், தோல்தான் உடம்புக்குத் தக்கபடி குழியும் என்று அவருக்குத் தெரியும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு நல்ல தோல். ஆவாரம்பட்டையில் பதம் போட்ட எருமைத்தோல். கடைசியாக ஒரு கிணற்றுக்குத் தைத்த வால். தைத்து முடித்த வாரம் அந்தக் கிணற்றில் மோட்டார் இறங்கிவிட்டது. வாலும் வேண்டாம், கூலியும் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தோலை ரெண்டு சாண் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, பின்பக்கம் ஓட்டை போட்டு வார் கோத்தார். தோல் நாளாக நாளாகத் தொய்யும். தொய்ந்தால் வாரை இழுத்து ஒரு ஓட்டை தள்ளிக் கட்டிக்கொள்ளலாம். கட்டிலுக்குக் கயிறு இழுக்கிற மாதிரி.

எந்த உயரத்தில் வைப்பது என்பதுதான் சிக்கல். சட்டையில்லாமல் அவரைச் சைக்கிளில் உக்காரவைத்து, எங்கம்மா முதுகை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்து, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டு, அவர் "ஸ்ஸ்" என்ற இடத்தில் கரிக்கட்டையால் ஒரு கோடு போட்டது. இடுப்பெலும்புக்கு மேலே நாலு விரல். தோள்பட்டைக்கு அல்ல. இது எவ்வளவு சரியான கணக்கு என்பது எனக்கு இருபது வருசம் கழித்துத்தான் புரிந்தது.

முதலில் அந்த லாடத்தைக் கேரியரில் போல்ட்டுப் போட்டு மாட்டினார். சரிவரவில்லை. ஸ்பிரிங் சீட்டு இல்லையா, பள்ளத்தில் விழுந்தால் சீட்டு அமுங்கி எழும்பும், கேரியர் அசையாது. ஒவ்வொரு குண்டுக்கும் முதுகுத்தோல் உரிந்தது. அப்புறம் யோசித்து, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங்கைப் பிடிக்கிற போல்ட்டிலேயே முனைகளைக் கொடுத்து இறுக்கினார். இப்போது சீட்டு இறங்கினால் சாய்மானமும் இறங்கியது, ஏறினால் ஏறியது. ரெண்டும் ஒரே உடம்பாகிவிட்டது. சீட்டு மூக்கை ஒரு நூல் தூக்கி வைத்தார், முன்னால் வழுக்காமல் இருக்க. எங்கள் தெருவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். முதுகு நிமிர்ந்து, தலை நேராக, கை ரெண்டும் லேசாக ஹேண்டில்பாரில். எங்கய்யா அவ்வளவு உயரம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரு வில்லங்கம் இருந்தது. வழக்கமாக இடது காலைப் பெடலில் வைத்து உந்தி, வலது காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டுத்தானே ஏறுவோம். சாய்மானம் நிற்கிற சைக்கிளில் பின்பக்கமாகக் கால் போகாது. முன்னால் பாருக்கு மேலேதான் காலைத் தாண்ட வேண்டும். இடுப்பு முடியாத மனுசனுக்கு அது லேசான காரியமா? வீட்டு வாசலில் ஒரு கல்லைப் போட்டு அதில் ஏறி நின்று ஏறினார். இறங்குவதற்கும் கல் வேண்டும். திண்டுக்கல்லில் ரோட்டோரப் பாலத்துத் திண்டு ஒன்று பார்த்து வைத்திருந்தார். ஏற ஒரு கல், இறங்க ஒரு கல். நடுவில் எங்கேயும் இறங்க முடியாது.

பிள்ளையார் கோயில் வேம்படியில் கல் கிடையாது.

இருந்தாலும் எங்களுக்காக ஏறி இறங்கக் கல் போட்டா வைத்திருப்பார்கள்? விடிவதற்கு முன்னால் கிளம்பிப் போனார், இருட்டின பிறகு திரும்பினார். நாய் மட்டும் பார்த்தது. ஒன்றரை மாசம் இப்படி ஓடியது. வலி இல்லை என்று சொல்லமாட்டேன், வலியோடு போய்வர முடிந்தது. வீட்டில் மறுபடி உலை கொதித்தது.

அப்புறம் ஒரு நாள், மாசியில், திண்டுக்கல்லிலிருந்து திரும்பும்போது உச்சிப்பொழுதாகிவிட்டது. எனக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்து மைதானத்தில் மயங்கி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். ராத்திரி வரைக்கும் அங்கே இருக்க இடமில்லை. என்னை முன்பாரில் உக்காரவைத்து மிதித்து வந்தார். சாவடிப் பக்கமிருந்து ஊருக்குள் நுழைந்தோம். எனக்குப் பன்னிரண்டு வயசு. எனக்குத் தெரியும், இறங்கணும். "அய்யா, எறங்கணும்யா" என்றேன். "பேசாம இரு" என்றார். அவர் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. மிதி நிற்கவில்லை. இருநூறு தப்படி. டீக்கடையில் ஆள் இருந்தது. சாவடியில் ஆள் இருந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது.

சாயங்காலம் ஆள் வந்தது. சாவடிக்கு முன்னால் எங்கய்யா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன். சைக்கிளையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கய்யாவைவிட வயசில் சின்னவன் ஒருத்தன் சாய்மானத்தைக் காலால் தட்டி, "சிம்மாசனம்டா" என்றான்.

"முதுகு முடியல சாமி."

"முடியலேன்னா நடந்து போ. இல்ல, வீட்லயே கெட."

பெரியவர் ஒருத்தர் நிதானமாகப் பேசினார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு ஞாபகம் இருந்திருக்காது. "எறங்காம வந்தது ஒரு தப்பு. பையனுக்குக் காய்ச்சல்னு சொல்றே, சரி. ஆனா சாஞ்சுக்கிட்டு வந்தே பாரு, அது வேற தப்பு. நாங்க இங்க உக்காந்திருக்கோம், நீ எங்களப் பாத்துக்கிட்டே சாஞ்சுக்கிட்டுப் போறே." இறங்காததற்கு 25 ரூபாய், சாய்ந்ததற்கு 50 ரூபாய். இந்தக் கணக்கை நான் எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சைக்கிளின் விலையே 90 ரூபாய்.

அந்தச் சாய்மானத்தை அங்கேயே, அவர் கையாலேயே கழற்றணும் என்றார்கள். எங்கய்யா அசையவில்லை. கையைக் கட்டினபடியே நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "கழட்டிருய்யா, கழட்டிருய்யா" என்று கத்தினேன். அதோடு நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடி ஸ்பானரை எடுத்துவந்து கையில் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன். அவர் குனிந்து, ரெண்டு போல்ட்டையும் கழற்றினார். நட்டையும் வாஷரையும் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சாய்மானம் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. அதைப்பற்றி அவர் பேசவேயில்லை. என்னையும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். 1981ல் திண்டுக்கல்லுக்கே குடிவந்தோம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மதிலில் முதுகைக் கொடுத்து உக்காந்து 2002 வரைக்கும், சாகிறவரைக்கும், செருப்புத் தைத்தார். அந்த மதில் அரசாங்கத்து மதில். அதில் சாயாதே என்று யாரும் சொல்லவில்லை.

நான் பத்தாவதோடு நின்று சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கிருந்து, கால் முடியாதவர்களுக்குக் கையால் மிதிக்கிற மூணு சக்கர சைக்கிள் செய்கிற பட்டறைக்குப் போனேன். அங்கேதான் சாய்மானம் என்றால் என்ன என்று படித்தேன். கையால் பெடலை முன்னால் தள்ளும்போது உடம்பு அதே வேகத்தில் பின்னால் போகப் பார்க்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தாங்கல் இருந்தால் தள்ளுகிற பலம் வண்டிக்குப் போகும். இல்லாவிட்டால் பாதிப் பலம் உடம்பைப் பிடித்து நிறுத்துவதிலேயே செலவாகும். சாய்மானம் சொகுசுக்கு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அது இல்லாத வண்டியைக் கையால் மிதித்துப் பார்க்க வேண்டும்.

சாதாரண சைக்கிளில் இது அவ்வளவு சுத்தமாக வேலை செய்யாது. அதையும் சொல்லிவிட வேண்டும். காலை நாம் பெரும்பாலும் கீழ்நோக்கி மிதிக்கிறோம். கீழே மிதிக்கிற பலத்துக்குப் பின்னால் இருக்கிற தாங்கல் என்ன செய்யும்? ஆனால் நம்ம ஊர்க் கருப்புச் சைக்கிளில் சீட்டுக் கம்பி நன்றாகப் பின்னால் சாய்ந்திருக்கும், பெடல் சீட்டுக்கு நேர்கீழே இல்லாமல் முன்னால் தள்ளி இருக்கும். அதனால் மிதியில் ஒரு பங்கு முன்னோக்கிப் போகிறது. மேட்டில், எதிர்காற்றில், உக்காந்தபடியே அழுத்தும்போது சாய்மானம் அந்தப் பங்கைத் தாங்கிக்கொள்கிறது. வேகம் பெரிதாகக் கூடாது. கையும் தோளும் ஓய்ந்துபோகாது, இடுப்பு வளையாது, ரெண்டு மைல் போகிறவன் ஆறு மைல் போவான். எங்கய்யாவுக்கு அந்தப் பதினொரு கிலோமீட்டர்தான் வேண்டியிருந்தது.

சுவீடன் தேசத்து எலும்பு வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன் என்பவர் 1960களில் முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டுக்குள் ஊசியை இறக்கி அழுத்தத்தை அளந்தார். முன்னால் குனிந்து உக்கார்ந்தால் அழுத்தம் ஏறுகிறது, பின்னால் சாய்ந்து உக்கார்ந்தால் இறங்குகிறது. எங்கம்மாவிடம் ஊசி இல்லை, கரிக்கட்டை இருந்தது.

இன்னொரு சங்கதி, கடைக்கு வருகிற ஒரு கல்லூரி மாணவர் சொல்லித் தெரிந்தது. பிரான்சில் சார்ல் மோஷே என்பவர் படுத்த மாதிரி சாய்ந்து மிதிக்கிற வண்டி ஒன்று செய்தார். பெடல் முன்னால், முதுகுக்கு முழுச் சாய்மானம். 1933ல் பிரான்சிஸ் ஃபோர் என்கிறவர் அதை ஓட்டி, ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் தாண்டினார். 1914லிருந்து நின்ற சாதனை அது. அவர் பெரிய பேர் எடுத்த ஆட்டக்காரர் கிடையாது. மறுவருசமே, 1934ல், சர்வதேச சைக்கிள் சங்கம் கூடி, இப்படிச் சாய்ந்து ஓட்டுவது சைக்கிளே இல்லை, சாதனைக் கணக்கில் சேராது என்று விதி போட்டுவிட்டது. இதைக் கேட்டதும் எனக்குச் சாவடி ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். மாணவருக்கு ஏன் சிரிக்கிறேன் என்று புரியவில்லை. ரெண்டையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. அவர்கள் வண்டியைத்தான் தள்ளி வைத்தார்கள். ஓட்டியவர் அன்று சாயங்காலம் எவன் முன்னாலும் கையைக் கட்டி நிற்கவில்லை.

வண்டிக்கும் நமக்கும் உள்ள சண்டை பழசு. அய்யன்காளி 1893ல் வில்வண்டி பூட்டிப் பொதுச்சாலையில் ஓட்டினார். பாபாசாகேப்பை 1929ல் சாலிஸ்கானில் ஏற்றிப்போகக் குதிரைவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருத்தர் ஓட்டினார். பாலத்தில் வண்டி இடித்து அவர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. ஏறுவது, போவது, இறங்குவது பற்றி நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாய்வதைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை என்பது என் குறை. ஊர்க்காரனுக்குக் கோபம் வருவது நாம் போவதில் மட்டுமில்லை. போகும்போது நம் முதுகு எப்படி இருக்கிறது என்பதை அவன் பார்க்கிறான். குனிந்த முதுகைத்தான் அவனுக்கு அடையாளம் தெரியும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவரைத் தரையில் உக்காரவைத்த படம் பேப்பரில் வந்ததே, மற்றவர்கள் நாற்காலியில். நாற்காலிக்கு ஒரு முதுகு இருக்கிறது. பாய்க்கு இல்லை.

சட்டம் இருந்ததா என்றால் இருந்தது. 1955ல் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976ல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பேர் மாறியது. எங்கய்யா சாவடியில் நின்றபோது அது அமலில்தான் இருந்தது, எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. 1989ல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தபோது நான் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்திருந்தேன். அதை எழுத்துக் கூட்டி ரெண்டு தடவை படித்தேன். சைக்கிள் என்ற வார்த்தை அதில் இல்லை. 2015ல் திருத்தி, 2016 ஜனவரி 26லிருந்து நடைமுறைக்கு வந்த சட்டத்தில்தான், பொது இடத்தில் தலித்தோ பழங்குடியோ சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று பேர் சொல்லி எழுதினார்கள். நாங்கள் கெட்ட கனவு ஒன்றும் காணவில்லை என்று பார்லிமெண்ட் ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போது எங்கய்யா செத்துப் பதினாலு வருசம்.

இப்போது எனக்கு முதுகு போய்விட்டது. மாடு தூக்கி இல்லை, முப்பது வருசம் பட்டறையில் குனிந்து வெல்டிங் வைத்து. சைக்கிளை விட மனசில்லை. மகள் கம்ப்யூட்டரில் பார்த்து, சைக்கிள் சீட்டுக்கு மாட்டுகிற முதுகுத் தாங்கல் ஒன்று வரவழைத்துக் கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் அதே லாடம். இரும்புக் குழாய், நடுவில் பஞ்சு வைத்த ரெக்ஸின், சீட்டுக் கம்பியில் பிடிக்கிற கிளாம்ப். தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன்: பஞ்சு வியர்க்கிறது. கிளாம்ப் நழுவுகிறது, உள்ளே ஒரு ரப்பர் துண்டு கொடுத்து இறுக்கினால்தான் நிற்கிறது. உயரம் முதுகின் நடுவுக்கு வந்து தோளை முன்னால் தள்ளியது. நாலு விரல் கணக்குக்கு இறக்கினேன். சரியாகிவிட்டது. ரெக்ஸினைத்தான் பொறுக்க முடியவில்லை. பிய்த்துப் போட்டுவிட்டு, பெட்டிக்குள் இருந்த தோலை எடுத்தேன். வருசா வருசம் புங்கெண்ணெய் போட்டு வைத்திருந்த தோல். அளவு எடுக்கவே வேண்டியிருக்கவில்லை. வார் மட்டும் இற்றுப்போயிருந்தது, புதுசு கோத்தேன்.

போன தையில் ஊரில் ஒரு கேதம். பஸ்ஸில் போகலாம் என்றது மகள். நான் சைக்கிளில் போனேன். வீம்புதான், மறைக்க ஒன்றுமில்லை. சாவடி இருந்த இடத்தில் ஒரு கட்டிடம். டீக்கடை இருக்கிறது. எங்கள் பையன்கள் பைக்கில் சர்ரென்று போகிறார்கள், யாரும் இறங்கவில்லை. திருவிழாவுக்குத் தேர் மட்டும் இன்னும் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. நான் மெதுவாக மிதித்துப் போனேன். சாய்ந்துதான் போனேன். திண்ணையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கிழவர், "யார்ரா அது?" என்றார். யார் மகன் என்று சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என்னை இல்லை, என் முதுகுக்குப் பின்னால். "வயசாயிருச்சோ?" என்றார். அவ்வளவுதான். அவருக்கு ஞாபகம் வந்ததா, வரவில்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வயசு 57. 'ரா' மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் தெருவில் பெரியம்மா ஒன்று மிச்சம் இருக்கிறது. எங்கய்யாவின் அண்ணன் பெண்டாட்டி. பார்வை முக்கால்வாசி போய்விட்டது. சைக்கிளைத் தடவிக்கொண்டே வந்து, தோலில் கை பட்டதும் நின்றது. ஓரத் தையலை விரலால் ஓட்டிப் பார்த்தது.

"இது ஒங்கய்யா தச்சதுல்ல?"

"ஆமா பெரியம்மா."

"அன்னைக்கு அவன் கழட்டியிருக்க மாட்டான்டா. நானும் நின்னேன்ல. வெட்டிப் போட்டாலும் கழட்ட மாட்டேன்னு நின்னான். நீதான் குறுக்க ஓடுன. காய்ச்சக்காரப் பய, ஒடம்பெல்லாம் வெடவெடன்னு ஆடுது. ஒன்னைப் பாத்துட்டுத்தான் ஸ்பானர வாங்குனான்."

நான் ஒன்றும் பேசவில்லை. எனக்குத் தெரியாத சேதியா அது? நாற்பத்தஞ்சு வருசமாகத் தெரிந்ததுதான். ஆனால் இன்னொருத்தர் வாயால் அதுவரைக்கும் கேட்டதில்லை.

"அவன் வஞ்சானா ஒன்னைய?"

"இல்ல பெரியம்மா. ஒரு வார்த்த சொல்லல."

"வைய மாட்டான்" என்றது. இன்னும் கொஞ்ச நேரம் தோலைத் தடவிக்கொண்டிருந்தது. அப்புறம் உள்ளங்கையை நடுவில் வைத்து அழுத்திப் பார்த்து, "தொஞ்சு போச்சு. இழுத்துக் கட்டு" என்றது.

கேத வீட்டில் சீர் செய்து முடிய மதியமாகிவிட்டது. வாசல் கல் அங்கேயே கிடந்தது, பாதி மண்ணில் புதைந்து. கிளம்பும்போது வாரை அவிழ்த்து ஒரு ஓட்டை தள்ளிக் கட்டினேன். இன்னும் மூணு ஓட்டை பாக்கி இருக்கிறது. கல்லில் ஏறி நின்று, பாருக்கு மேலே காலைப் போட்டு, ஊர்த்தெரு வழியாகவே திரும்பினேன்.